மயிலைக் கடைத்தெருவும் கள்ளாமை விரதமும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சின் பொருள் கடைத்தெரு. விழா மேடையில் தீர்த்தங்கரர் வரலாறும் ஆகமப் பொருளும் பேசுவதே வழக்கம். அரிசிக் கடையையும் எண்ணெய்க் கடையையும் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமை ஒன்று. வீடு புகுந்து திருடும் எண்ணம் இந்த அவையில் எவருக்கும் வரப்போவதில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் என்பது எல்லார்க்கும் உண்டு. அந்த விரதம் நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகும் இடம் கடைத்தெருவே. நூறாண்டுகளுக்கு முன் சென்னையின் தென்பகுதியில் மக்கள் எவ்வாறு வாங்கினர், எவ்வாறு விற்றனர் என்பதை அறிந்தால் அவ்விரதத்தின் பொருள் இன்னும் தெளிவாக விளங்கும்.

நகருக்குள் ஓர் ஊர்

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மயிலாப்பூர் சென்னை நகரின் எல்லைக்குள்தான் இருந்தது. ஆயினும் அதன் வாழ்க்கை ஒரு நாட்டுப்புற ஊரின் வாழ்க்கையாகவே இருந்தது. கோயிலையும் குளத்தையும் சுற்றிய மாட வீதிகளே ஊரின் நடுவிடம். மேற்கே, இன்று தியாகராய நகர் இருக்கும் இடத்தில், நெடிய ஏரி ஒன்று பரந்து கிடந்தது. தெற்கே அடையாற்றைக் கடந்தால் வயலும் தோப்பும் சிற்றூர்களும். கிழக்கே சாந்தோம் கடற்கரையில் மீனவர் குப்பங்கள். கோட்டையும் உயர்நீதிமன்றமும் துறைமுகமும் வடக்கே பல கல் தொலைவில் இருந்தன. 1895ஆம் ஆண்டு சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கி, மயிலைக்கும் அது வந்து சேர்ந்தபின் அத்தொலைவு சற்றுச் சுருங்கியது.

மயிலையின் பெயர் தமிழ்ச் சமணர்க்குப் புதியதன்று. இங்கே எழுந்தருளியிருந்த நேமிநாதர்மீது அவிரோதியாழ்வார் திருநூற்றந்தாதி பாடினார். அத்திருவுருவமே பின்னாளில் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. ஆதலால் இவ்வூரின் கடைத்தெருக் கதை அயலார் கதை ஆகாது.

இங்கே பெரிய வழக்கறிஞர்கள் தோட்ட வீடுகளில் வாழ்ந்தனர். அவர்களைச் சுற்றி, அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகப் பணியாற்றி மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியோர் வாழ்ந்தனர். அவர்கட்கும் கீழே நெசவாளர், வண்டிக்காரர், வண்ணார், கூலியாட்கள். இந்த மூவகையாரும் ஒரே கடைத்தெருவில்தான் பண்டம் வாங்கினர். ஒரே கடைத்தெருவானாலும் மூவர்க்கும் அது ஒரே முகம் காட்டவில்லை.

பண்டம் வந்த வழி

மயிலைக்குப் பண்டம் வந்த வழிகளுள் முதன்மையானது பக்கிங்காம் கால்வாய். தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877–78ஆம் ஆண்டுகளில், பசித்து வந்தோர்க்கு வேலை கொடுப்பதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு அமைந்தது. பஞ்சத்தில் வாடியவர்கள் கூலிக்காக வெட்டிய அந்தக் கால்வாயில் பிற்காலத்தில் விறகும் உப்பும் தானியமும் ஏற்றிய படகுகள் மயிலைக் கரைக்கு வந்தன. கரையோரம் விறகுத் தொட்டிகள் எழுந்தன. லஸ் பகுதியை அடுத்த காய்கறிச் சந்தைக்குத் தண்ணீர்த்துறை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. ஊரின் வாணிபம் நீரோடு கொண்ட உறவை அப்பெயரே நினைவூட்டும்.

அரிசி பெரும்பாலும் உள்நாட்டு ஊர்களிலிருந்து மாட்டு வண்டியிலும் புகைவண்டியிலும் வந்தது. ஆரணி, வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரங்கள் நெல்லுக்குப் பெயர் பெற்றவை. அவையே தமிழ்ச் சமணக் குடும்பங்களின் ஊர்களும் ஆகும். இந்த அவையில் உள்ளோர் பலரின் பாட்டனார் காலத்தில் உழவே குடும்பத் தொழில். மயிலை எழுத்தர் வீட்டு உலையில் கொதித்த அரிசியில் ஒரு பங்கு அவர்களுடைய களத்துமேட்டிலிருந்து புறப்பட்டதாகவும் இருக்கலாம். களத்துமேட்டிலிருந்து உலைவரை அந்த நெல் எத்தனை கை மாறியது, ஒவ்வொரு கையிலும் எப்படி அளக்கப்பட்டது என்பதே கேட்கத் தக்க கேள்வி.

கடைகளும் தெரு வாணிபமும்

அக்காலத்துப் பெண்மணி பெரும்பாலானவற்றை வாசற்படியிலேயே வாங்கினாள். விடியலில் பால், பிறகு கீரை, அதன்பின் தயிர், நண்பகலில் உப்பும் மண்சட்டியும், மாலையில் பூ என்று நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு கூவல் இருந்தது. தயிர்க்காரிக்குக் கொடுக்க வேண்டியதைச் சுவரில் கரிக்கோடாகக் குறித்து வைப்பார்கள். மாத முடிவில் இருவரும் சேர்ந்து கோடுகளை எண்ணுவர். எழுத்தறியாத இருவர்க்கிடையே அந்தச் சுவரே கணக்குப் புத்தகம்.

மளிகையும் எண்ணெயும் மருந்துச் சரக்கும் வாங்கக் கடைக்குச் செல்ல வேண்டும். கச்சேரி சாலையில் 1885ஆம் ஆண்டில் தொடங்கிய நாட்டு மருந்துக் கடை ஒன்று, சரக்குகளைத் தகர டப்பாக்களில் அடுக்கி வைத்த காரணத்தால் ‘டப்பா செட்டி கடை’ என்றே பெயர் பெற்றுவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டிற்கு வேண்டிய லேகியச் சரக்கு முதல் சுக்கு, திப்பிலி வரை அங்கே கிடைத்தன. பங்குனி விழாவின்போது மாட வீதிகள் எங்கும் புதுக்கடைகள் முளைக்கும். மரப்பாச்சியும் மண்பொம்மையும் சொப்புகளும் அங்கே பிள்ளைகளை இழுக்கும்.

அண்ணா சாலை என்று இன்று வழங்கும் மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் போன்ற பெரிய கடைகள் இருந்தன. அவை ஆங்கிலேயரையும் செல்வரையும் நோக்கி நடந்தவை. எழுத்தர் வீட்டு மாதச் செலவு மயிலைக் கடைத்தெருவோடு முடிந்தது.

படியும் பலமும்

அக்கால அளவைகளை இளையோர் பலர் அறியார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். நிறுத்தலில் மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. ஒரு வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா. ஆகவே மூன்று ரூபாய் நாணயம் கையில் இருந்தால் பலக்கல் சரிதானா என்று எவரும் பார்த்துவிடலாம். மூன்று ரூபாய் கையில் இல்லாதவன் எதைக் கொண்டு பார்ப்பான்?

படி அளத்தலில் இரு முறைகள் இருந்தன. மேலே கூம்பாகக் குவித்து அளப்பது ஒன்று. விளிம்போடு வழித்துத் தலைதட்டி அளப்பது மற்றொன்று. இரண்டிற்கும் வேறுபாடு மிகுதி. வாங்கும்போது குவித்து வாங்கி, விற்கும்போது தலைதட்டி விற்றால், படியின் அளவைத் தொடாமலே ஆதாயம் பார்க்க முடியும். படியின் அடியை உட்குழிவாக்குதல், ஓரத்தைத் தேய்த்தல், அளக்கும் கையை விரைவாக அசைத்து நடுவே வெற்றிடம் விடுதல் ஆகியனவும் மக்கள் அறிந்து அஞ்சிய உத்திகள்.

நல்ல வணிகரின் வழக்கமும் சொல்லப்பட வேண்டும். அளக்கத் தொடங்கும்போது முதல் படியை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லி அளப்பது தமிழ்நாட்டுப் பழக்கம். அளந்து முடிந்தபின் ஒரு பிடி அள்ளிக் ‘கொசுறு’ என்று போடுவார்கள். அளவில் அறியாமல் நேர்ந்த குறை இருந்தால் அதை அந்தப் பிடி ஈடு செய்யும். பிழை தன் பக்கம் இருக்கலாம் என்று வணிகன் தானே ஒப்புக்கொள்ளும் பண்பு அந்தக் கொசுறில் இருந்தது. வாங்குபவர்க்கு அதைக் கேட்கும் உரிமையும் இருந்தது.

கடன் வாயை அடைத்த கதை

அந்த உரிமை எப்போது பறிபோயிற்று? கடையில் பற்று ஏறியபோது பறிபோயிற்று.

மாதச் சம்பளக்காரர் கையில் முதல் பத்து நாள் பணம் இருக்கும். பிறகு ‘பற்றில் எழுதிக்கொள்’ என்பதே வழி. வீட்டில் ஒரு திருமணமோ நோயோ வந்துவிட்டால் அடுத்த மாதச் சம்பளம் முழுவதும் பழைய பற்றுக்கே போகும். மீண்டும் முதல் நாளிலிருந்தே கடன். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் ஒரே கடையோடு கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் பல.

கடன்பட்ட குடும்பம் வேறு கடைக்குப் போக இயலாது. அரிசியில் கல் இருந்தாலும், எண்ணெயில் கலப்பு இருந்தாலும், படி தலைதட்டி அளக்கப்பட்டாலும், விலையில் ஓர் அணா ஏறியிருந்தாலும் கேட்க நா எழாது. கேட்டால், ‘பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பேசுங்கள்’ என்று மறுமொழி வரும் என்ற அச்சம். மாதம் 16 படி அரிசி வாங்கும் வீட்டில், படிக்கு அரை ஆழாக்குக் குறைந்தால் மாத முடிவில் குறைவது முழுதாக ஒரு படி. ஓர் ஆண்டில் அது ஒன்றரை மரக்கால். அந்த அரிசி பெரும்பாலும் கடைசியில் உண்ணும் தாயின் இலையிலிருந்தே குறைந்திருக்கும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நடுவுநிலைமை ஆகாது. அவரும் மண்டி வணிகரிடம் கடனுக்கே மூட்டை எடுத்தார். பற்று வைத்துவிட்டு ஊர் மாறிப் போனவர்களால் முடங்கிய கடைகளும் உண்டு. பஞ்ச காலத்தில் கடன் கொடுத்து ஊரைக் காத்த வணிகர்களும் உண்டு. சங்கிலியின் மறுமுனையில் இருந்த உழவனோ, அறுவடைக்கு முன்பே முன்பணம் வாங்கிய காரணத்தால், மண்டிக்காரர் சொன்ன விலைக்கே நெல்லை அளந்தான். அங்கே படி குவிந்தது. எழுத்தர் வீட்டு வாசலில் அதே படி தலைதட்டப்பட்டது. இரு முனையிலும் கடனே பேச்சை அடக்கியது. உழவர் கடனைப் பற்றி ஆராயச் சென்னை அரசு நியமித்த பிரெடரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கையில் கூட்டுறவையே மருந்தாகக் குறிப்பிட்டார்.

திருவல்லிக்கேணி காட்டிய வழி

மயிலையை அடுத்த திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நுகர்வோரே சேர்ந்து நடத்திய கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் இந்தியாவிலேயே முன்னோடி அது. அங்கிருந்த இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக விளங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதற்கு ஊக்கம் அளித்தவர்களுள் ஒருவர்.

அவர்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்தில் இருந்தது. ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு 28 தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரு சிறு கடை திறந்தனர். தொடக்கத்தில் அவர்கள் விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில பண்டங்களே. கலப்படமற்ற பொருள், குறையாத நிறை, ரொக்க விற்பனை, கிடைத்த ஆதாயத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தளித்தல் ஆகியவை அவர்கள் வகுத்த நெறிகள்.

அந்த எண்ணம் திருவல்லிக்கேணியில் வேர்கொண்டபோது இந்தியச் சட்டம் அதற்கு முழு இடம் தரவில்லை. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களையே கருத்தில் கொண்டது. பிற வகைச் சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டின் சட்டமே வாயிலைத் திறந்தது. ஆயினும் சங்கம் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. நாளடைவில் நகரின் பல பகுதிகளில் அதன் கிளைகள் திறக்கப்பட்டன. பல தலைமுறைகளாக மக்கள் அங்கே அரிசியும் பருப்பும் வாங்கினர்.

இதன் சிறப்பு விலைக் குறைவில் அடங்கிவிடுவதன்று. வாங்குபவனே கடைக்கு உரிமையாளனாகவும் இருக்கும்போது, குறைத்து அளந்தால் எவன் பொருளை எவன் எடுப்பது? களவுக்குரிய காரணமே அங்கு அற்றுப்போகிறது. பேசும் உரிமையும் மீண்டு வருகிறது.

பெரிய பெயரும் தெரிந்த முகமும்

சிறு கடையில்தான் ஏமாற்று உண்டு, பெரிய நிறுவனம் பிழை செய்யாது என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் இருந்தது. அதை உடைத்தது 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22. அன்று அர்பத்நாட் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய நிறுவனம் கடன் தீர்க்க இயலாது என்று அறிவித்து வீழ்ந்தது. ஓய்வு பெற்றோர், கைம்பெண்கள், சிறு சேமிப்பாளர் எனப் பல்லாயிரவர் முதலை இழந்தனர். அதன் தலைவர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். மயிலை வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முன்னின்று, 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று இந்தியன் வங்கியைத் திறந்தனர். இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1872 முதல், மயிலாப்பூர் இந்து பெர்மனண்ட் நிதி ஊரார் சேமிப்பைக் காத்து வந்தது. தெரிந்த முகங்கள் பொறுப்பேற்று, கணக்கைத் திறந்து காட்டும் இடமே பாதுகாப்பானது என்பதை மக்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றனர்.

ஏரி கடைத்தெருவான பின்

1920களில் நெடிய ஏரி தூர்க்கப்பட்டு மாம்பலத்தில் புதுநகர் எழுந்தது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை அது பெற்றது. காஞ்சிபுரத்து நெசவுக் குடியில் பிறந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928ஆம் ஆண்டு அங்கே பட்டு வாணிபம் தொடங்கினார். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கிக் கடைக்கு வருவது எளிதாயிற்று. உஸ்மான் சாலையும் பாண்டி பஜாரும் மெல்ல மெல்ல நாடறிந்த கடைவீதிகளாயின. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அணா போய்ப் புதிய காசு வந்தது. 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்தன. படியும் பலமும் பாட்டிமார் பேச்சில் மட்டும் தங்கின.

விரதம் சொல்லும் ஐந்து

அளவைகள் மாறின, விரதம் மாறவில்லை. தத்துவார்த்த சூத்திரமும் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது மீறல்களை, எடுத்துரைக்கின்றன. களவுக்குத் தூண்டுதல் ஒன்று. களவுப் பொருளை வாங்குதல் இரண்டு. நாட்டு முறைமையை மீறி வாணிபம் செய்தல் மூன்று. குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் வாங்குதல் நான்கு. நல்லதோடு போலியைக் கலந்து விற்றல் ஐந்து.

நான்காவதைக் கூர்ந்து நோக்குக. மண்டியில் குவித்து வாசலில் தலைதட்டிய அந்தப் படியின் கதையே அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. மயிலைக் கடைத்தெருவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆசாரியர்கள் அதைக் களவின் பட்டியலில் சேர்த்துவிட்டனர். வழிப்பறியையும் படிக்குறைவையும் அவர்கள் ஒரே விரதத்தின் கீழ் வைத்ததற்குக் காரணம் உண்டு. வழிப்பறியில் இழந்தவன் கூக்குரல் இடுவான். படியில் இழந்தவன் தான் இழந்ததையே அறியான். அறிந்தாலும் கடன் அவன் வாயை அடைத்திருக்கும்.

இந்த ஐந்தும் விற்பவர்க்கு மட்டும் உரியன என்று வாங்குவோர் ஒதுங்கிவிட இயலாது. இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று வினவாமல் வாங்குவது இரண்டாம் அதிசாரத்தின் வாயிலில் நிற்பதாகும். ரசீது வேண்டாம், வரியைக் கழித்துவிடுங்கள் என்பது மூன்றாவது. தெருவில் கீரை விற்கும் மூதாட்டியிடம் கடைசிக் காசுவரை பேரம் பேசுவதை நூல்கள் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆயினும் தன் பொருளை விற்றே ஆகவேண்டிய அவளுடைய நெருக்கடி, பற்றுக்கடையில் நின்ற எழுத்தரின் நெருக்கடிக்கு எவ்வகையில் குறைந்தது?

இன்றைய வீட்டிற்கு

இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல சிற்றூர் விட்டுச் சென்னையில் குடியேறியுள்ளன. ஆசிரியராய், அலுவலராய், பொறியாளராய், சிலர் வணிகராய் வாழ்கின்றனர். மளிகைக் கடையின் பற்றுப் புத்தகம் மறைந்துவிட்டது. மாதத் தவணையும் கடன் அட்டையும் அந்த இடத்திற்கு வந்துள்ளன. பற்று ஏறிய வீட்டில் நா எழாதது போலவே, தவணை ஏறிய வீட்டிலும் அமைதி குலைகிறது. அளவாகப் பொருள் கொள்ளும் விரதமாகிய பரிக்கிரக பரிமாணம், கள்ளாமை விரதத்திற்குத் துணை நிற்பது இங்கேதான். வேண்டியதை வரையறுத்துக்கொண்டவன் கடன்படுவது அரிது. கடன்படாதவன் நியாய விலையும் நிறைந்த அளவும் தலை நிமிர்ந்து கேட்க முடியும்.

வாணிபம் செய்வோர் ஒன்றை நினைவில் கொள்ளலாம். கேள்வி கேட்க இயலாத நிலையில் நிற்பவர்க்கு அளக்கும் அளவே வணிகனின் உண்மையான அளவு. செல்வர்க்கு நிறைத்து அளப்பது எளிது. அவர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சமே அதைச் செய்விக்கும். பாக்கி வைத்தவர்க்கும், எழுத்தறியாதவர்க்கும், கடைக்கு அனுப்பப்பட்ட சிறு பிள்ளைக்கும் நிறைத்து அளப்பதே விரதம்.

குடும்பத் தலைவியரும் ஒன்று செய்யலாம். பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிகுதியாகச் சில்லறை வந்துவிட்டால் அதை அவர்கள் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். வீட்டுப் பணிப்பெண்ணின் ஊதியத்தைக் கேட்கும் முன் கொடுங்கள். அவளும் யாரோ ஒரு கடையில் பற்று வைத்தவளாக இருக்கலாம். ஆகம நூல்களில் கற்கும் கள்ளாமையைப் பிள்ளைகள் கண்ணால் காணும் இடம் அதுவே.

கால்வாயில் படகுகள் ஓய்ந்துவிட்டன, ஏரி வீதியாகிவிட்டது, மரக்கால் அருங்காட்சியகத்திற்குப் போய்விட்டது. கொடுப்பவர் கையும் கொள்பவர் கையும் சந்திக்கும் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவ்விடத்தில் குறையாமல் அளப்போர் குடி வாழ்க, அறம் வளர்க.